இரைப்பை வலப்பக்கம் என்று ஸ்கேன் சொன்னால்: எந்தப் பரிசோதனை முதலில், எந்த முடிவு எப்போது?

ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையில் "இதயம் வலப்பக்கம்", "இரைப்பை வலப்பக்கம்", "ஹெட்டரோடாக்சி சந்தேகம்" (உறுப்புகள் பாதி மட்டும் பக்கம் மாறியிருக்கலாம் என்ற சந்தேகம்) என்று ஒரு வரி வந்துவிட்டால், அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் ஐந்தாறு யோசனைகள் குவிந்துவிடும். இரண்டு வாரம் கழித்து வேறு இடத்தில் எடுத்துப் பார்க்கலாம் என்பார் அண்ணன். பனிக்குட நீரை எடுத்துச் சோதித்துவிடுங்கள் என்பார் தெரிந்த டாக்டர். எம்ஆர்ஐ எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமே என்று ஒருவர். வயிற்றில் ஊசி போடாமல் அம்மாவின் ரத்தத்திலேயே பார்க்கும் என்ஐபிடி இருக்கிறதே என்று இன்னொருவர். "எதற்கு வம்பு, கலைத்துவிடுங்கள்" என்று சொல்லவும் ஒரு பெரியவர் இருப்பார்.

இவற்றில் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில். அதனால் விலையையும் வலியையும் மட்டும் வைத்து ஒப்பிட்டால் தப்பான இடத்தில் போய் நிற்போம். என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழந்தையின் இதயத்துக்கென்றே எடுக்கும் ஃபீட்டல் எக்கோதான் முதலில், அதுவும் சில நாட்களுக்குள். மற்றவற்றுக்கு அந்த எக்கோ எழுப்பும் கேள்வியைப் பொறுத்தே இடம். ஒன்றிரண்டுக்கு இடமே இல்லை.

பக்கம் சரிதானா?

எக்கோவுக்கும் முன்னால், ஸ்கேன் எடுத்த இடத்திலேயே செய்யக்கூடிய சிறு வேலை ஒன்று உண்டு. திரையில் தெரியும் படத்துக்குத் தானாக இடம் வலம் கிடையாது. குழந்தை தலை கீழாக இருக்கிறதா, உட்கார்ந்த வாக்கில் இருக்கிறதா, முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்து, அதிலிருந்துதான் குழந்தையின் இடது எது என்று கணக்கிட வேண்டும். ப்ரோப்பைத் திருப்பிப் பிடித்திருந்தாலோ, படத்தைப் புரட்டும் பொத்தான் அழுந்தியிருந்தாலோ, ஒரு குறையும் இல்லாத குழந்தைக்கும் இரைப்பை வலப்பக்கம் போய்விடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இரைப்பை எங்கே இருக்கிறதோ அதுதான் இடது என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பார்ப்பது. உறுப்புகள் முழுக்கப் பக்கம் மாறிய குழந்தையை இப்படிப் பார்த்தால் எல்லாம் நூற்றுக்கு நூறு சரியாகத் தெரியும். அறிக்கையும் சுத்தமாக வரும்.

வயிற்றின் மேல் ப்ரோப் வைத்து எடுக்கும் ஸ்கேனுக்கு வலக்கை விதி என்று ஒன்று இருக்கிறது. வலக்கையையே குழந்தையாக நினைத்துக்கொள்ள வேண்டும்: உள்ளங்கை அதன் முன்பக்கம், விரல்நுனி தலை. அப்போது கட்டைவிரல் நீளும் பக்கம் குழந்தையின் இடது. இதயமும் இரைப்பையும் அங்கே இருக்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனுக்கு இடக்கை. மகப்பேறு ஸ்கேனுக்கான சர்வதேச அமைப்பான ஐஎஸ்யுஓஜி, இதயத்தைப் பார்க்கும் வரிசையில் நாலு அறைகளுக்கும் முன்னால் இந்தப் பக்கம் பார்க்கும் வேலையைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே "பக்கத்தை எப்படி உறுதி செய்தீர்கள்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. கேளுங்கள்.

இன்னொரு குழப்பமும் இங்கேயே தீர்ந்துவிட வேண்டும். இதயம் வலப்பக்கம் உருவாவது வேறு, வலப்பக்கம் தள்ளப்படுவது வேறு. இடப்பக்க உதரவிதானத்தில் ஓட்டை இருந்து குடலும் இரைப்பையும் மார்புக்குள் ஏறிவிட்டால் அவை இதயத்தை வலப்பக்கம் நெட்டித் தள்ளும். இடது நுரையீரலில் கட்டி போன்ற வளர்ச்சி இருந்தாலும் அப்படியே. வலது நுரையீரல் சரியாக வளராமல் சிறுத்துப்போனால் இதயம் அந்தப் பக்கம் இழுபடும். இவையெல்லாம் வேறு நோய்கள். வேறு மருத்துவர், வேறு அறுவை, வேறு கணக்கு. பொதுவாக இதயத்தின் நுனி இடப்பக்கமாக 45 டிகிரி வாக்கில் சாய்ந்திருக்கும். தள்ளப்பட்ட இதயத்தின் நுனி பெரும்பாலும் இன்னும் இடப்பக்கமே காட்டிக்கொண்டிருக்கும். அறிக்கையில் நுனியின் திசை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

முழுக்க மாறியதும், பாதி மாறியதும்

கேட்பதற்கு விநோதமாக இருக்கும்: இதயம், இரைப்பை இரண்டுமே வலப்பக்கம் இருப்பதைவிட, ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் இருப்பதுதான் அதிகக் கவலைக்குரியது.

இரண்டும் சேர்ந்து மாறி, கல்லீரல் இடப்பக்கம் வந்து, மண்ணீரல் வலப்பக்கம் போயிருந்தால் அது சைட்டஸ் இன்வெர்சஸ். உடல் முழுக்கக் கண்ணாடிப் பிம்பம். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர் இப்படி இருக்கிறார் என்று பாடநூல்கள் சொல்கின்றன. இதயக் கோளாறு இவர்களுக்குப் பொது மக்களைவிடச் சற்று அதிகம் என்றாலும் பெரும்பாலோருக்கு இதயம் நன்றாகவே வேலை செய்யும். வேறு காரணத்துக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது நாற்பது வயதில் தெரியவருபவர்களும் உண்டு. குடல்வால் வலி இடப்பக்கம் வரும் என்பதை அவர்களும் அவர்களைப் பார்க்கும் டாக்டரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு கிளைக் கதை இருக்கிறது. கரு மூன்று நான்கு வாரமே ஆன நிலையில், அதன் நடுவே ஒரு சிறு குழியில் நுண்ணிய முடிகள் சுழன்று திரவத்தை இடப்பக்கமாக ஓட்டுகின்றன. அந்த ஓட்டம்தான் உடலுக்கு "இது இடது" என்று சொல்கிறது. எலிக் கருவில் இந்த ஓட்டத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். இந்த முடிகளின் உறவினர்கள்தான் நம் மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளுபவை. முடிகளின் இயக்கம் பிறவியிலேயே கெட்டிருந்தால் பக்கத்தைச் சொல்ல ஆள் இல்லை. உறுப்புகள் எந்தப் பக்கம் போகும் என்பது பூவா தலையா ஆகிவிடும். பிசிடி எனப்படும் இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உறுப்புகள் பக்கம் மாறியிருப்பதற்குக் காரணம் இதுவே. சைட்டஸ் இன்வெர்சஸ், சைனஸ் தொல்லை, நுரையீரலில் சளி தேங்கி மூச்சுக்குழாய் விரிதல் மூன்றும் சேர்ந்ததை 1933-இல் கார்டகெனர் எழுதினார். முடி அசையாததுதான் காரணம் என்று அஃப்செலியஸ் சொல்ல 1976 ஆனது. எனவே கண்ணாடிப் பிம்பக் குழந்தைக்கு இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும், மாதம் நிறைந்து பிறந்து மூச்சுத் திணறினாலோ, முதல் நாளிலிருந்தே மூக்கு அடைத்துச் சளி விடாமல் இருந்தாலோ, பிசிடியை நினைவில் வைக்க வேண்டும்.

பக்கம் தீர்மானமாகும் காலத்தைக் கவனியுங்கள். மாதவிடாய் தள்ளிப்போனதே சரியாக உறைக்காத நேரம் அது. அதற்குப் பிறகு வந்த கிரகணம், தூக்கிய குடம், சாப்பிட்ட பப்பாளி, வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தது எதுவும் இதில் சேராது. மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இது ஒரு சாக்காக வேண்டாம். கருத்தரிக்கும் முன்பே தாய்க்கு இருந்த, கட்டுப்படாத சர்க்கரை நோயோ உண்மையிலேயே அபாயத்தைக் கூட்டும். நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்களுக்கு, இருவரிடமும் ஒரே மரபணுக் குறை ஒளிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். தாய்மாமன், அத்தை மகன் கல்யாணங்கள் நிறைந்த நம் ஊரில் இதைக் கேட்டு எழுதாத குடும்ப வரலாறு முழுமையாகாது.

இனி பாதி மாறியது. இதற்குத்தான் ஹெட்டரோடாக்சி என்று பெயர். இதுவும் ஏறத்தாழ 10,000 பிறப்புகளில் ஒன்று. இதில் உடலின் இரு பாதியும் ஒன்றுபோல ஆகிவிடும்: இரண்டும் வலது போல, அல்லது இரண்டும் இடது போல. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பிரிவு இதுதான்.

இரண்டும் வலது போல ஆனால் வலது ஐசோமெரிசம். மண்ணீரல் இடப்பக்கத்து உறுப்பு. ஆகவே பெரும்பாலும் அது இருக்காது. நுரையீரல் சிரைகள் வந்து சேரும் இடது மேலறை முறையாக அமையாததால் அவை வழி தவறி வேறு எங்காவது போய்ச் சேரும். இதயத்தின் நடுப்பகுதி பிளவுபட்டு, நாலு அறைக்கும் பொதுவாக ஒரே வால்வு இருக்கும். நுரையீரலுக்குப் போகும் தமனி குறுகியோ அடைத்தோ இருக்கும். இந்தக் கூட்டணியை மண்ணீரல் இல்லாமையோடு சேர்த்து 1955-இல் ஐவ்மார்க் விரிவாக எழுதினார். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு கீழறைகளையும் தனித்தனியாக வேலை செய்ய வைக்க முடியாமல், ஒரே அறையை வைத்து ஓட்டும் அறுவை வழிதான் மிஞ்சும்.

இரண்டும் இடது போல ஆனால் இடது ஐசோமெரிசம். மண்ணீரல் பல துண்டுகளாக இருக்கும். வயிற்றிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப் பெருஞ்சிரை இடையில் அறுந்து, அசைகஸ் என்ற பக்கச் சிரை அந்த வேலையை ஏற்கும். இதயத்தின் இயல்பான பேஸ்மேக்கர் வலது மேலறையின் சொத்து. அது இல்லாமலோ வலுவிழந்தோ போவதால் துடிப்பு மெதுவாகும். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்தொடர்பு முற்றிலும் அறுந்துபோவதும் இதில்தான். பித்தநாளம் அடைபட்டுப் பிறப்பதும் உண்டு. இதயக் கோளாறு வலது வகையைவிடச் சராசரியில் லேசானது. சிலருக்குச் சிரை அறுந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அவர்கள் இயல்பாக வாழ்கிறார்கள். ஆனால் கருவிலேயே நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 50, 60 என்று இறங்கி, உடலில் நீர் கோத்துவிட்டால், அந்தக் கூட்டுதான் இந்த நோய் முழுவதிலும் மிக மோசமானது.

"லேசானது இடது, கடினமானது வலது" என்று பொதுவாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பாதிதான் உண்மை. கருவறைக்குள் இறப்பது இடதில் அதிகம், பிறந்த பிறகு அறுவை மேசையில் சிக்கல் வலதில் அதிகம் என்று பிரித்துச் சொல்வதே சரியாக இருக்கும்.

பரிசோதனைகளை எதிரெதிரே வைத்தால்

காத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுப்பது மிகச் சுலபமான வழி. பலரும் முதலில் எடுப்பதும் இதுவே. குழந்தை வளைந்து படுத்திருந்து தெரியவில்லை என்றால் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து பார்க்கலாம், மறுநாள் பார்க்கலாம். அதே மாதிரிப் பொது ஸ்கேனை இரண்டு வாரம் கழித்து எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உறுப்புகள் இடம் மாறித் திரும்பி வரப்போவதில்லை. அந்த இரண்டு வாரம் எதற்குத் தேவைப்படும் என்பதைக் கீழே சட்டக் கணக்கில் பாருங்கள்.

ஃபீட்டல் எக்கோ 18 முதல் 24 வாரத்துக்குள் எடுப்பது. 20-22 வாரம் தோதான காலம். கருவியைவிட எடுப்பவர்தான் முக்கியம். பிறவி இதய நோய் தெரிந்த குழந்தைகள் இதய மருத்துவரோ, அதில் பயிற்சி பெற்ற ஃபீட்டல் மெடிசின் மருத்துவரோ எடுக்க வேண்டும். நாலு அறை தெரிகிறது, துடிப்பு இருக்கிறது என்று முடிக்கும் எக்கோ இங்கே போதாது. வயிற்றின் குறுக்குவெட்டிலிருந்து தொடங்கி, சிரைகள், மேலறைகள், வால்வு, கீழறைகள், வெளியேறும் தமனிகள் என்று ஒவ்வொரு படியாக ஏறி வரும் எக்கோ வேண்டும்.

அந்த வயிற்றுக் குறுக்குவெட்டிலேயே பாதிக் கதை இருக்கிறது. இயல்பாகப் பெருந்தமனி முதுகெலும்புக்கு இடப்பக்கமும், கீழ்ப் பெருஞ்சிரை அதற்கு வலமாகச் சற்று முன்னாலும் இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் அடுத்தடுத்து இருந்தால் வலது ஐசோமெரிசத்தை நினைக்க வேண்டும். சிரையே காணோம், பெருந்தமனிக்குப் பக்கத்திலோ பின்னாலோ இன்னொரு குழாய் ஓடுகிறது, இதயத்துக்குப் பின்னாலும் ஒன்றுக்கு இரண்டு வட்டம் தெரிகிறது என்றால் இடது. இரைப்பை எந்தப் பக்கம் என்பதைவிட இந்த இரண்டு குழாய்களும் நம்பகமான சாட்சிகள். இரைப்பை ஹெட்டரோடாக்சியில் எந்தப் பக்கமும் இருக்கலாம், நடுவிலும் இருக்கலாம்.

எக்கோ முடிந்து வெளியே வரும்போது மூன்று கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும். நுரையீரல் சிரைகள் எங்கே போகின்றன, வழியில் அடைப்பு இருக்கிறதா? துடிப்பின் லயம் எப்படி, மேலறையும் கீழறையும் இசைந்து துடிக்கின்றனவா? கீழறைகள் இரண்டாகப் பயன்படுமா, ஒன்றாகத்தானா? இவற்றில் முதல் கேள்விதான் அதிகம் தவறவிடப்படுவது. கருவறையில் நுரையீரலுக்குப் போகும் ரத்தம் குறைவு; சிரைகள் நூல் போலிருக்கும்; ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரைக் குறைந்த வேகத்துக்கு மாற்றித் தேடினால்தான் தெரியும். வலது வகையில் குழந்தையின் முதல் வாரத்தைத் தீர்மானிப்பதே இந்தச் சிரை அடைப்புதான். "நுரையீரல் சிரைகள் சரியாகத் தெரியவில்லை" என்று அறிக்கை சொன்னால் அந்த எக்கோ இன்னும் முடியவில்லை என்று பொருள்.

துடிப்பு மெதுவாக இருக்கும்போது இன்னொரு பிரிவு உண்டு. உறுப்புகள் இயல்பான பக்கத்தில் இருந்து மின்தொடர்பு மட்டும் அறுந்திருந்தால், தாயின் ரத்தத்தில் ஆன்ட்டி-ரோ எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்; லூபஸ் போன்ற நோய்களில் வருவது அது. இடது ஐசோமெரிசத்தில் மின்தொடர்பு அமைப்பிலேயே குறை. தாய்க்கு ஸ்டீராய்டு கொடுப்பதால் எதுவும் ஆகாது.

எம்ஆர்ஐ நல்ல கருவி, தவறான கேள்விக்கு. துடித்துக்கொண்டே இருக்கும் சிறு இதயத்தை எக்கோ அளவுக்கு அது பிடிப்பதில்லை. நுரையீரல் மடல்கள், மூச்சுக்குழாய்க் கிளைகள், மண்ணீரல், உதரவிதான ஓட்டை இவற்றைப் பிந்தைய மாதங்களில் காட்டும். உதரவிதான ஓட்டையா என்ற சந்தேகம் இருந்தால் எடுக்கலாம். அது இல்லாமல் முதல் வாரத்தில் எம்ஆர்ஐ-க்குப் பணம் கட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என்ஐபிடிக்கு இங்கே வேலை இல்லை. அது டவுன் முதலான சில குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறுகளைச் சலித்துப் பார்ப்பது. ஹெட்டரோடாக்சியில் குரோமோசோம் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இன்னும் சொல்லப்போனால், இதயத்தின் நடுப் பிளவு இயல்பான பக்கம் உள்ள குழந்தையிடம் தெரிந்தால் உடனே டவுன் சிண்ட்ரோமை நினைக்க வேண்டும். அதே பிளவு ஐசோமெரிசத்தோடு வந்தால் டவுன் அரிது. ஒரே படம், பக்கத்தைப் பொறுத்து வேறு அர்த்தம்.

பனிக்குட நீர் எடுப்பது கொஞ்சம் நுட்பமான தேர்வு. குரோமோசோம் சோதனை மட்டுமே செய்வதானால் "இயல்பு" என்று வர வாய்ப்பு அதிகம்; அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு இதயமும் இயல்பு என்று நிம்மதியடையும் குடும்பங்கள் உண்டு. எக்ஸோம் எனப்படும் விரிவான மரபணுச் சோதனை முடி இயக்க மரபணுக்களையும், எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஸிக்3 போன்றவற்றையும் பார்க்கும். பதில் வர வாரக்கணக்காகும். இப்போதைய குழந்தையின் அறுவைத் திட்டத்தை அது பெரும்பாலும் மாற்றாது. அடுத்த குழந்தையின் கணக்கை மாற்றும். உறவுக்குள் திருமணம், முன்பு ஒரு குழந்தைக்கு இப்படி இருந்தது, குடும்பத்தில் பிசிடி என்றால் செய்யத் தகுந்தது. மற்றவர்கள் குழந்தை பிறந்த பிறகு ரத்தத்தில் செய்துகொள்ளலாம்.

24 வாரம் என்ற கோடு

இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டத் திருத்தம் 2021-இல் வந்தது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை, குழந்தைக்குக் கடுமையான குறை உள்ளிட்ட சில வகைகளில், இரண்டு மருத்துவர்கள். 24-ஐத் தாண்டினால், கணிசமான குறை என்று மாநில மருத்துவக் குழு சொன்னால் மட்டும். குழுவுக்கு மனுக் கொடுத்தால் மூன்று நாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் கோப்பைத் தயார் செய்து, குழு உள்ள ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் கழியும் நாட்கள் அந்த விதியில் இல்லை. இலங்கையில் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கலைப்புக்கு அனுமதி. அங்கிருந்து படிப்பவர்களுக்கு இந்தப் பகுதி முழுக்கப் பொருந்தாது, எங்கே பிரசவம் என்பதே அவர்களின் தேர்வு.

இப்போது கணக்கைப் போடுங்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் 20 வாரத்தில் எடுத்தால் நாலு வாரம் கையில் இருக்கிறது. 22-இல் எடுத்து, "இரண்டு வாரம் கழித்துப் பார்ப்போம்" என்றால் கோட்டின் மேல் நிற்பீர்கள். 22-இல் பனிக்குட நீர் எடுத்து எக்ஸோமுக்குக் காத்திருந்தாலும் அப்படியே. அவசரப்பட்டுக் கலைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எக்கோ முதல் வாரத்திலேயே முடிந்தால், மீதி நாட்கள் யோசிக்கவும் இரண்டாவது கருத்துக் கேட்கவும் உங்களுக்குக் கிடைக்கும்.

தொடர்வதா, நிறுத்துவதா

கண்ணாடிப் பிம்பம், இதயம் நன்றாக இருக்கிறது என்றால் இந்தக் கேள்வியே எழக்கூடாது. இடது வகையில் சிரை மட்டும் மாறி, லயம் சரியாக இருந்தாலும் அப்படித்தான். "எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறதாம்" என்ற ஒரு வாக்கியத்தை வைத்து, எக்கோ எடுக்காமலே கலைக்கச் சொல்லும் யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

மறுமுனையில், இடது வகையோடு இதயத்தின் மின்தொடர்பு முற்றிலும் அறுந்ததும், உடலில் நீர் கோத்தலும் சேர்ந்திருந்தால் குழந்தை பிழைப்பது அரிது. வலது வகையோடு நுரையீரல் சிரை அடைப்பும் சேர்ந்திருந்தால் உலகின் நல்ல மையங்களுக்கே அது கடினமான அறுவை. இங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தொடர்ந்து, பிறந்தபின் அறுவை இல்லாமல் வலியின்றிப் பார்த்துக்கொள்வது என்ற மூன்றாவது வழியும் உண்டு. மருத்துவர்கள் தாமாக அதிகம் சொல்வதில்லை, கேட்டால் சொல்வார்கள்.

உண்மையில் கனமான முடிவு நடுவில் இருப்பவர்களுக்குத்தான்: வலது வகை, ஒற்றைக் கீழறை, சிரை அடைப்பு இல்லை. இவர்களுக்கு அறுவை வழி இருக்கிறது, நீளமானது. பிறந்த சில நாளில் நுரையீரலுக்குச் செல்லும் ரத்தத்தைச் சரிசெய்ய ஒரு ஷன்ட் (இணைப்புக் குழாய்), அல்லது தேவையே இல்லாமல் இருக்கலாம். நாலு முதல் ஆறு மாதத்தில், உடலின் மேல்பாதி ரத்தத்தை நேரே நுரையீரலுக்குத் திருப்பும் க்ளென் அறுவை. இரண்டிலிருந்து நாலு வயதில், கீழ்ப்பாதி ரத்தத்தையும் அப்படியே திருப்பும் ஃபோன்டான். இந்த ஃபோன்டான் 1971-இல் வெளியானது. அதனால் வளர்ந்து வேலைக்குப் போகும் ஒரு தலைமுறையே இன்று இருக்கிறது. ஆனால் இது குணமாக்கும் அறுவை ஆகாது. ஆயுள் முழுவதும் இதய மருத்துவர், லயக் கோளாறு, கல்லீரல் தழும்பு என்ற கவலைகள் தொடரும். இடது வகையில் சிரை அறுந்தவர்களுக்கு க்ளென் இடத்தில் கவாஷிமா அறுவை வரும். அதற்குப் பிறகு நுரையீரலில் தவறான ரத்த இணைப்புகள் முளைக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதோடு மண்ணீரலையும் எடைபோட வேண்டும். மண்ணீரல் இல்லாத குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சலே சில மணி நேரத்தில் ரத்தத்தில் கிருமி பரவும் நிலைக்குப் போகலாம். தினமும் பென்சிலினோ அமாக்சிசிலினோ கொடுக்க வேண்டும். நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் பென்டாவேலன்ட்டும் நிமோனியாவுக்கான பிசிவியும் இருக்கின்றன. மூளைக்காய்ச்சலுக்கான மெனிஞ்சோகாக்கல் ஊசியைத் தனியாகப் போட வேண்டும். இடது வகையில் பல துண்டு மண்ணீரல் இருந்தாலும் அது வேலை செய்கிறது என்று நம்பிவிட முடியாது. குடல் சரியாகச் சுழலாமல் அமைந்திருப்பதும் இரு வகையிலும் வரும். பச்சை வாந்தி எடுத்தால் அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். இதய அறுவை வெற்றி என்று வீட்டுக்கு வந்த குழந்தையைக் கவனிக்காத ஒரு காய்ச்சலில் இழப்பதுதான் இந்த நோயின் கொடுமையான பக்கம்.

ஆலோசனையின்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: "இதே வகையில் உங்கள் மையத்தில் எத்தனை குழந்தைகள், ஃபோன்டான் வரை எத்தனை பேர்?" பொதுவாக இதய அறுவை எத்தனை செய்கிறார்கள் என்பது வேறு கணக்கு.

பிரசவம் அம்மா வீட்டிலா, அறுவை மையம் உள்ள ஊரிலா

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து ஊருக்குப் போனபின் அங்குள்ள ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். கண்ணாடிப் பிம்பக் குழந்தைக்கு அது போதும். குழந்தை மருத்துவரும் ஆக்சிஜனும் இருக்கும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இதயக் கோளாறு உறுதியான குழந்தைக்கு அந்த ஒரு வழக்கத்தை விட்டுக்கொடுங்கள். நுரையீரல் தமனி அடைத்த குழந்தை, பிறந்தபின் மூடிக்கொள்ளும் ஒரு சிறு குழாயை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. அதைத் திறந்து வைக்க ப்ராஸ்டாகிளாண்டின் சொட்டு மருந்து முதல் நாளிலேயே வேண்டியிருக்கும். சிரை அடைப்பு இருக்கும் குழந்தைக்கு அதே மருந்து நுரையீரலில் நெரிசலைக் கூட்டலாம். எதைக் கொடுப்பது என்று கருவிலேயே எழுதி வைத்திருப்பதற்கும், நடு இரவில் நீலம் பாய்ந்த குழந்தையை வைத்துக்கொண்டு ஊகிப்பதற்கும் உள்ள தூரம்தான் இந்தப் பரிசோதனைகளின் பலன்.

சென்னை, வேலூர், கோவை, மதுரை என்று குழந்தைகள் இதய அறுவை நடக்கும் ஊர்கள் இருக்கின்றன. குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். எட்டாம் மாதத்திலேயே அங்கே ஒரு தடவை காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பிறவி இதய அறுவைகள் வருகின்றன. எந்த மருத்துவமனையில், எந்த அறுவைக்கு என்பதை முன்பே விசாரிப்பது நல்லது. இதயக் கோளாறுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. இதயத்தின் மின்தொடர்பு அறுந்த குழந்தைக்கு, பிரசவத்தின்போது நாடித் துடிப்பை வைத்து அதன் நிலையைக் கணிக்க முடியாது என்பதால், பெரும்பாலும் சிசேரியன்தான்.

அடுத்த கர்ப்பம் பற்றிய பேச்சு இப்போது காதில் ஏறாது. ஆறு மாதம் கழித்து ஏறும். இருவரிடமும் ஒரே மரபணுக் குறை உறுதியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கரு 11 வாரம் ஆனதும் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கலாம். மரபணு தெரியாவிட்டால் 12-14 வாரத்தில் ஒரு முன்கூட்டிய எக்கோ எடுக்கலாம். பெரிய கோளாறுகள் அப்போதே தெரிந்துவிடும். நுரையீரல் சிரைகளுக்காக 20 வாரத்தில் இன்னொன்று கட்டாயம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே கருத்தரிக்கத் திட்டமிட வேண்டும்.